முதலில் தகரம், அப்புறம் கட்டில்

பழைய வேனை வீடுபோல் மாற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. எங்கள் வேனைப் பார்க்க வருகிறவர்கள் ஏறியதும் கட்டிலைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். மடிக்க முடியுமா, அடுப்பு எங்கே, ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்கிறார்கள். தரைத் தகரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கோலியனூரில் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு மெட்டடார் வேனைப் பிரித்துச் சேர்த்தவன் என்ற உரிமையில் அழுத்திச் சொல்கிறேன்: பழைய வேனை முதலில் ஓடுகிற, ஒழுகாத வண்டியாக மீட்க வேண்டும். வீடாக்குவது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் போட்ட பிளைவுட்டோடு சேர்ந்து பணமும் ஊறிப்போகும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மெட்டடாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூட வேன் அது, பெண் அழைப்பு வேன் அது, மாலை போட்டவர்களின் சபரிமலை வேனும் அதுதான். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊரே அதில் அடைத்துக்கொண்டு போகும். என் மாமா கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து சவாரி ஓட்டியவர். ஒரு பக்கம் புதுச்சேரி சாலை, இன்னொரு பக்கம் பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகும் சாலை. இரண்டு பக்கமும் ஆள் கிடைக்கும். அவர் தொழிலை விட்டபோது வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றி எழுதி, எங்கள் பின்கட்டுப் புளியமரத்தடியில் நிறுத்தினார். எடைக்குக் கேட்டு வந்தவர்களை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்றைக்கு எங்களுக்கு ஒரு வேன் இருக்கிறது.

மெட்டடாரின் பூர்வீகம் ஜெர்மனி. ஹாம்பர்க் நகரத்து டெம்போ நிறுவனத்தின் கூட்டுறவோடு 1958இல் தொழிலதிபர் ஃபிரோதியா தொடங்கியது பஜாஜ் டெம்போ. முதலில் மூன்று சக்கர வண்டி செய்தார்கள். அறுபதுகளின் கடைசியில் வந்தது மெட்டடார். அதன் ஜெர்மன் உடன்பிறப்பு அங்கே ஹனோமாக் என்ற பெயரில் விற்றது. பிறகு மெர்சிடிஸ் பென்ஸ் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டு தன் நட்சத்திரத்தை முகப்பில் பொருத்தி விற்றது. ஐரோப்பாவில் அந்த வண்டிகளில் பலவற்றைக் கட்டிலும் அடுப்பும் வைத்த கேம்பர் வேனாக மாற்றினார்கள். கேம்பர் என்றால் உலகம் முழுக்க வோக்ஸ்வாகன் வேனைத்தான் படம் போடுகிறார்கள். 1950இல் வந்த அந்த வேனுக்கு அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் தங்கும் வசதி செய்துகொடுத்தது, பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் நம் ஊரில் ஒரு பழைய வோக்ஸ்வாகனுக்கு ஒரு ரப்பர் பீடிங் தேடுவதற்குள் ஆயுசு போய்விடும். மெட்டடாருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எண்பதுகளில் பஜாஜ் டெம்போ மெர்சிடிஸின் ஓஎம் 616 டீசல் இஞ்சினை உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். ஜெர்மனியில் டாக்சி ஓட்டிகள் உயிராக நேசித்த 240டி காரில் இருந்த அதே இஞ்சின். டைமிங்குக்கு பெல்ட் கிடையாது, செயின். இந்த இஞ்சின் குடும்பம் மெட்டடாரோடு முடியவில்லை. டிராக்ஸ் ஜீப்பிலும் டெம்போ டிராவலரிலும் தொடர்ந்தது. 1987இல் வந்த டிராவலர், 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய அதே நிறுவனத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கட், நாசில் எல்லாம் இன்னும் கடையில் கேட்டு வாங்கலாம். விழுப்புரத்தில் டிராவலரைத் தொட்டுப் பழகிய எந்த மெக்கானிக்கும் இந்த இஞ்சினைப் பார்த்து மிரள மாட்டார்.

இன்னொரு வரம், முன்சக்கர இழுவை. இஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் முடிந்துவிடும். பின்பக்கத் தரைக்கு அடியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடாது. அதனால் தரை தாழ்வாகவும் மட்டமாகவும் இருக்கும். வயசானவர்கள் முட்டி வலிக்காமல் ஏறுவார்கள், உள்ளே நடுவில் மேடு கிடையாது. வேனுக்குள் வாழ நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல தரை அமையாது. 

ஆனால் எங்கள் தரை போயிருந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் பின்கட்டில் தேங்கிய தண்ணீரில் வேனின் சக்கரங்கள் அமிழ்ந்து கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு கியர்பாக்ஸின் அடிநட்டைக் கழற்றினோம். முதலில் வெறும் தண்ணீர் வந்தது. பிறகு வந்த ஆயில், பால் கூடிப்போன டீயின் நிறத்தில் இருந்தது. இதற்கு மேல் நிற்க விட்டால் வண்டி மண்ணாகிவிடும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

உள்ளே இருந்த சீட்டுகளைக் கழற்றி, ரப்பர் பாயை உரித்ததும் உண்மை தெரிந்தது. மேலே பார்க்கப் பளபளப்பாக இருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் மறுபக்கம் போனது. துரு எப்போதும் இரண்டு தகரம் ஒட்டுகிற மடிப்பில்தான் பிறக்கிறது. கூரை ஓரத்து மழை வாய்க்கால், கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, வாசலுக்கு அடியில் பெட்டிபோல் மடிந்திருக்கும் இடம். இந்த நான்கில் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. கடல் எங்களுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், வண்டியோ ஆயுசில் பாதியைப் புதுச்சேரிச் சாலையில் கழித்தது. உப்புக்காற்று பட்ட தகரம் வேகமாகத் தின்னப்படும்.

டிங்கர் வேலைக்கு வந்தவர் லாரி பாடி வேலையில் ஊறியவர். தரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகரம் ஒரு சத்தம் தரும், செத்த தகரம் வேறு சத்தம். ஒரு சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனவர் நிமிர்ந்து சொன்னார்: “தம்பி, மேலாப்புல ஒரு பீஸ ஒட்டி பட்டி பூசிடலாம். ரெண்டு மழைக்குத் தாங்கும். அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க.”

“வெட்டிடுங்கண்ணே. நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டிடுங்க.”

அவர் வெட்டுவதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தை, வீட்டில் இந்த வேலையைத் தொடங்க நினைக்கிற எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். கதவு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் கம்பியை டாக் அடித்து நிறுத்தினார். இந்த மாதிரி வேனில் பாடியின் பலத்தில் பெரும்பங்கு தரையிலும் வாசலடிப் பெட்டியிலும் இருக்கிறது. அதை வெட்டி எடுத்ததும் கூடு லேசாக இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. புதுத் தகரம் வைத்து முடித்த பிறகு கதவு மூடாமல் அடம்பிடிக்கும்போதுதான் தெரியும். கம்பி கொடுத்து வைத்தால் கூடு அசையாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டவும் கூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம்.

தரைக்கு 18 கேஜ், பக்கவாட்டுக்கு 20 கேஜ் தகரம் போட்டோம். வெல்டிங்கை ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, சூடு ஆறிய பிறகு இடைவெளியை நிரப்பினார். ஒரேயடியாக இழுத்தால் மெல்லிய தகரம் சூட்டில் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும் என்பதால் அந்தப் பொறுமை. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றியாக வேண்டும். டீசல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். இதில் எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மீதி இருந்த துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றியைத் தடவினோம். அது இரும்புத் துருவோடு சேர்ந்து கறுப்பான பாஸ்பேட் படலமாக இறுகும். அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர், மூட்டுகளில் சீலண்ட், அடியில் அண்டர்பாடி கோட்டிங். நம் பக்கத்தில் வண்டிக்கு அடியில் பழைய இஞ்சின் ஆயிலை அடிக்கும் பழக்கம் இருக்கிறது. துருவுக்கு ஓரளவு கேட்கும், ஆனால் பிரேக் ஹோஸையும் ரப்பர் புஷ்ஷையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். வேண்டாம்.

எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்தது முன் கண்ணாடி ஏற்றிய காலைப்பொழுது. புது ரப்பர் பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். ரப்பரின் வெளிக்காடியில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனையும் கீழே நடுவில் தொங்கும்படி விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிய ரப்பரோடு கண்ணாடியை இரண்டு பேர் வெளியிலிருந்து தாங்கி அழுத்துவார்கள். உள்ளே இருப்பவர் கயிற்றின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகரத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே திரும்பும். கயிற்றை இழுத்தது மாமா. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரற்கடையாக இழுத்தார். கடைசி மூலை ‘பொதக்’ என்று உட்கார்ந்ததும் வெளியே வந்து ஹோஸ் பைப்பைப் பிடித்து கண்ணாடிமேல் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. அதற்குப் பிறகுதான் உள்வேலைக்கு மரம் வாங்கவே போனோம்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: வெள்ளத்தில் நின்ற வண்டியின் வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ் அத்தனையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழையது என்றால் கழற்றிவிடுங்கள்.

இஞ்சினைப் பொறுத்தவரை மாமா போட்ட ஒரே நிபந்தனை, “மாப்ள, ஓடிக்கினு இருந்த இஞ்சின அவுக்காத. எண்ணெய மாத்து, காத்த எடு, அப்புறம் பேசலாம்.” அவர் சொன்னபடியே டேங்கைக் கழுவி, புது டீசல் ஃபில்டர் போட்டு, பம்ப்பையும் நாசிலையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்துப் பார்த்து வாங்கினோம். நீண்ட நாள் நின்ற டீசல் வண்டியில் குழாய் முழுக்கக் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழி இல்லாத டீசல் ஒழுகும். அப்போது இறுக்க வேண்டும். ஹீட்டர் பிளக்கைச் சூடேற்றிச் சாவியைத் திருப்பியதும், கொஞ்சம் வெள்ளைப் புகை கக்கிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் நுழையும்போது கேட்ட அதே சத்தம்.

இனி கூரை. ஐரோப்பியர்கள் எழுதிய கேம்பர் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம் வெந்துபோவோம். அவர்கள் குளிருக்கு அஞ்சிச் சுவரை அடைக்கிறார்கள். விழுப்புரத்து மே மாதத்தில் நமக்கு எதிரி தலைக்கு மேல் இருக்கிற தகரம். வெயில் நாடுகளுக்கு அனுப்பிய பழைய லேண்ட் ரோவர்களில் கூரைக்கு மேல் இன்னொரு கூரை வைத்து நடுவில் காற்றோட விட்டிருப்பார்கள். நாங்கள் செய்ததும் அதுதான். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட். அதன்மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு, கேரியர் கம்பியில் வெள்ளை அடித்த மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டில் படும் வெயில் கீழே இறங்கும் முன் நடுவில் ஓடும் காற்று சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். உள்பக்கம் நுரைத்தகடும் பிளைவுட்டும். இதைச் செய்த பிறகு மத்தியானத்தில் உள்ளே கூரையைத் தொட்டால் கை பொறுக்கிறது.

உள்ளே நாங்கள் வைத்தவை கொஞ்சம்தான். நீளவாக்கில் பெட்டிக் கட்டில், வேப்பமரச் சட்டத்தில். வேம்பைப் பூச்சி அவ்வளவு சீக்கிரம் தொடாது, நம் ஊர் அறுவை மில்லிலேயே கிடைக்கும். ஃபோம் மெத்தை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் வந்தவாசிக் கோரைப்பாய். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர் பின்கதவுக்கு அருகே தனிப் பெட்டியில், பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். கீழே வழி இருந்தால்தான் வெளியேறும். சமைப்பது எப்போதும் வண்டிக்கு வெளியே.

மின்சாரக் கணக்கு எளிது. 12 வோல்ட், 28 வாட்ஸ் ஃபேன் ஏறக்குறைய 2.3 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஏறக்குறைய 19 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதுவும் இரண்டு விளக்கும் போன் சார்ஜும் தாராளமாக ஓடும். இந்தப் பேட்டரியை இஞ்சின் பேட்டரியோடு சேர்க்காதீர்கள். ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். சவாரி வண்டிகளில் காலப்போக்கில் ஸ்பீக்கருக்கும் சீரியல் லைட்டுக்கும் முறுக்கிவிட்ட ஒயர்கள் புதராக இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இழுப்பதே பாதுகாப்பு.

சட்டத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் 15 ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆர்சி புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது, 20 ஆண்டைக் கடந்த இலகு ரக வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 2021இல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவில் இருக்கும் வண்டிகளுக்கு மட்டும். பெரும்பாலான மெட்டடார்களுக்கு அது இன்னும் பொருந்தாது.

முக்கியமானது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கூரையை அறுத்து உயர்த்துவது, வேறு இஞ்சின் வைப்பது, சொல்லாமல் சீட்டை எடுப்பது எல்லாம் இதில் மாட்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்றொரு வகை அரசாணைப் பட்டியலில் இருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கையில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நாங்கள் பாடியின் வெளிக்கோட்டைத் தொடவில்லை. உள்ளே வைத்த அத்தனையும் பழைய சீட் போல்ட் ஓட்டைகளிலேயே இறுக்கியவை, ஸ்பேனர் இருந்தால் கழற்றலாம்.

இந்தப் பக்கத்துக்கு வேன் பயணம் புதிதல்ல. 1969இல் பாரிசிலிருந்து ஒரு குழுவினர் வண்டிகளை ஓட்டிக்கொண்டு தரைவழியாகவே ஆரோவில் வந்து சேர்ந்தார்கள். 1979இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் கொந்தளித்த பிறகு அந்த வழி அடைபட்டது. எங்கள் வேன் அவ்வளவு தூரம் போக வேண்டாம். செஞ்சிக்கோட்டை அடிவாரம், திருவக்கரை கல்மரப் பூங்கா, மரக்காணம் கழுவெளியில் பறவைகள் இறங்கும் விடியற்காலை, இவற்றுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்தாலே போட்ட உழைப்புக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. மாமா இப்போதும் முன் சீட்டில்தான் உட்காருகிறார், இஞ்சின் மூடியின்மேல் கையை வைத்தபடி.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கோயம்புத்தூர் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களை அருமையாகப் பாதுகாக்கிறார்கள். ராஜாக்களும் முதலாளிகளும் ஏறிய கார்களுக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. நம்மைப் பள்ளிக்கூடத்துக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் சுமந்த வேன்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசி மூச்சு வரை உழைத்துவிட்டு எடைக்குப் போனதால் அவை மிச்சமே இல்லை. சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு 20 வேனை எத்தனை பேர் அண்மையில் பார்த்திருப்பீர்கள்? எண்பதுகளின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது, வேன்களும் மறைந்துவிட்டன.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ, உறவினர் களத்துமேட்டிலோ ஒரு மெட்டடாரோ ஸ்டாண்டர்டு 20ஓ நிற்கிறதா? எடைக்காரரிடம் பேசும் முன் ரப்பர் பாயைத் தூக்கி, ஒரு சுத்தியலால் தரையைத் தட்டிப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். மேலே ஒரு கீற்றுக் கொட்டகையாவது போடுங்கள். அந்த வண்டிகளின் சர்வீஸ் கையேடு, பழைய பார்ட்ஸ் பட்டியல் எது வைத்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்தாவது எனக்கு அனுப்புங்கள், கேட்கிறவர்கள் எல்லோருக்கும் நான் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன்.